பட்டையைப் புரட்டிப் பார்!

தோழனே!

எட்டாவது மாடியின் விளிம்பிலே, சாரத்தின்மீது நின்று சாந்து பூசுகிறான் ஒருவன். தோளிலும் தொடையிலும் ஆரஞ்சு நிறப் பட்டைகள். முதுகிலே ஓர் இரும்பு வளையம். வளையத்திலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் முனையிலே கொக்கி. அண்ணாந்து பார்க்கிறோம். "பரவாயில்லை, பெல்ட் கொடுத்துத்தான் வேலை வாங்குகிறார்கள்" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு நடையைக் கட்டுகிறோம்.

கொடுத்தார்கள், சரி. எதைக் கொடுத்தார்கள்? அந்தப் பட்டை எந்த ஆண்டு தைத்தது? இதற்குமுன் எத்தனை பேர் வியர்வை குடித்தது? எந்த வெயிலில் காய்ந்தது, எந்த நெருப்புப் பொறியில் கருகியது? கேட்டதுண்டா நாம்?

பனையேறியைப் பார்த்திருப்பாய். காலில் மாட்டும் தளைநாரை அவன் அறிவான். எப்போது செய்தது, எங்கே தேய்ந்திருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் அவன் விரலுக்குத் தெரியும். தளை அவனுடையது, உயிரும் அவனுடையது. கட்டடத் தொழிலாளியின் நிலை அதுவன்று. காலையிலே கிடங்கின் மூலையில் குவியல் கிடக்கிறது. கைக்கு வந்ததை எடுத்து மாட்டு, ஏறு என்கிறார்கள். நேற்று அதை அணிந்தவன் யார், அவன் விழுந்தானா என்பது இன்று அணிபவனுக்குத் தெரியாது.

நாடகக்காரன் நான், ஒன்று சொல்வேன். மேடையிலே அட்டைக் கத்தி போதும். அதைச் சுழற்றி ஏழு நாட்டு மன்னர்களை வீழ்த்தலாம், கொட்டகையே அதிரக் கைதட்டும்! ஆனால் எட்டாவது மாடி நாடக மேடையன்று. அங்கே விழுபவன் திரை இறங்கியதும் எழுந்து வந்து ஒப்பனையைக் கலைப்பதில்லை. அதிகாரி வருகிறார் என்றதும் அணிவித்து, அவர் கார் திரும்பியதும் அவிழ்க்கும் பட்டை, பாதுகாப்பா? வேடம்! நைந்த பட்டையோ அதனினும் கொடிது. ஒன்றுமே அணியாதவன் அஞ்சி அஞ்சி அடி வைப்பான். நைந்ததை அணிந்தவன் அதை நம்பிச் சாய்வான்.

ஆறடி விழுவதற்கு ஒருவனுக்கு முக்கால் வினாடிகூட ஆகாது. அதற்குள் அவன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வேகத்தை, அந்த உடலின் எடையோடு, இழுத்து நிறுத்தவேண்டியது மூன்று விரல் அகலமுள்ள பட்டையும் அதன் தையலும்! இடுப்பிலே மட்டும் கட்டும் பெல்ட்டை இந்த வேலைக்கு ஆகாது என்று 1998 ஜனவரி முதல் தேதியோடு தள்ளிவிட்டது அமெரிக்க விதி. விழும் வேகத்தின் முழு அதிர்ச்சியும் வயிற்றிலே இறங்கும் என்பதால். தோளும் தொடையும் பங்கிட்டுத் தாங்கும் முழுக் கச்சைதான் வேண்டும். அதனையும் ஒவ்வொரு முறை அணியுமுன் சோதிக்கவேண்டும் என்கிறது அதே விதி. ஆண்டுக்கொரு முறை அன்று, ஒவ்வொரு முறையும்.

எப்படிச் சோதிப்பது? பட்டையை இரு கையாலும் ஒரு சாண் இடைவெளியிலே பிடி, வில்லென வளை. நேராகக் கிடந்தபோது ஒளிந்திருந்த அறுந்த இழைகள் வளைவின் முதுகிலே சிலிர்த்து எழும்பும். இப்படியே முழு நீளமும், உட்புறமும். வெல்டிங் பொறி பட்ட இடம் சிறு துளையாக இருக்கும். அல்லது உருகி இறுகிக் கண்ணாடிபோல் மினுக்கும். வெயில் தின்ற பட்டை நிறம் வெளிறி விறைத்துக் கிடக்கும். நைலானை அமிலம் கெடுக்கும். பாலியெஸ்டரைக் கடுங்காரம் கெடுக்கும். ஈரச் சிமெண்ட் காரமல்லாமல் வேறென்ன? நாளெல்லாம் அதிலேதானே புரள்கிறது பட்டை!

தையலைப் பார். பட்டைக்கு ஒரு நிறம், நூலுக்கு வேறு நிறம் வைக்கிறார்களே, அழகுக்கா? இழை விட்டால் கண்ணில் படுவதற்காக! சில கச்சைகளிலே மடித்துத் தைத்த ஒரு பகுதியுண்டு. விழுந்தவனைத் தாங்கியிருந்தால் அது பிரிந்து காட்டிக்கொடுக்கும். ஒருமுறை உயிர் காத்த பட்டையை மறுமுறை அணியலாகாது. வளையத்திலே வெடிப்போ துருவோ உண்டா, கொக்கியின் வாய் தானே மூடிப் பூட்டிக்கொள்கிறதா, அதிர்ச்சி தாங்கும் பொதி கிழியாமல் இருக்கிறதா, சீட்டிலே ஆண்டு படிக்க முடிகிறதா — இவ்வளவுதான். ஐந்தாறு நிமிட வேலை.

பட்டை புதிதானால் போதுமா? கொக்கியை எதிலே மாட்டுகிறாய் என்பதும் உண்டே! சான்ஃபிரான்சிஸ்கோவிலே கோல்டன் கேட் பாலம் எழுந்தபோது, தலைமை எஞ்சினீயர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் அடியிலே வலை கட்டச் செய்தார். தவறி விழுந்த 19 பேரை அந்த வலை ஏந்திக் காத்தது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று சாரமே பெயர்ந்து விழுந்தது, வலை கிழிந்தது, பத்துப் பேர் மாண்டனர். மனிதனைத் தாங்க வைத்த வலை, சாரத்தையே தாங்குமா? தாங்குவதைத் தாங்குவது எது என்று பார்க்கவேண்டும். கொக்கி மாட்டும் இடம் ஓர் ஆளுக்கு 5,000 பவுண்டு, ஏறத்தாழ இரண்டேகால் டன், தாங்கவேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரிலே ஆடுகிற சாரக் கம்பிலேயே கொக்கியை மாட்டிவிட்டு, "ஆயிற்று" என்கிறார் மேஸ்திரி!

சட்டம் இல்லையா? உண்டு. 2020இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கலாகாது என்கிறது. உயிருக்கு ஆபத்தென்று அஞ்சினால் அவன் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் சொல்லலாம். முதலாளி உடனே ஆவன செய்யவேண்டும். நல்லது. சொன்னவனுக்கு அன்றைய கூலி உண்டா? மறுநாள் வேலை உண்டா? "இது நைந்துவிட்டது, வேறு கொடு" என்று கேட்டவனை, "உனக்கு வேலை இல்லை, போ" என்று கேட்டுக்கு வெளியே நிறுத்தினால், எந்தத் தொழிலாளி பட்டையைப் புரட்டிப் பார்ப்பான்? அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூலி வேண்டும். பட்டையை மறுத்தவனுக்கு அன்றைய முழுக் கூலியும் வேண்டும். நம் தொழிற்சங்கம் ஒப்பந்தக்காரரிடம் எழுத்திலே கேட்டு வாங்கவேண்டியது இதைத்தான்.

கட்டடம் எழும் இடங்களுக்குப் போ, தோழனே. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே இருப்பார்கள். மொழி தடையாகாது, பட்டையை வளைத்துக் காட்டு, விரலால் தொட்டுக் காட்டு, புரிந்துகொள்வார்கள். கழிக்கவேண்டியது என்று தெரிந்த பட்டையை மூலையிலே எறிய விடாதே. கத்தரியைக் கொண்டுவரச் சொல். முதுகு வளையத்துக்கு மேலும் கீழும் வெட்டச் சொல். உன் கண்முன்னே வெட்டச் சொல். வெட்டாத பட்டை மாலைக்குள் மீண்டும் கிடங்கு போய்ச் சேரும். அடுத்த மாதம் வேறொரு கட்டடத்திலே, வேறொரு பையனின் தோளிலே ஏறும்.