கை எழுதாத கையெழுத்து

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர், பேக்கரி போர்டு, காபிக் கடையின் கண்ணாடிக் கதவு, போட்டோ ஆல்பத்தின் முதல் பக்கம். இங்கெல்லாம் யாரோ போகிற போக்கில் பிரஷ்ஷால் கிறுக்கியதுபோல் ஓர் ஆங்கில எழுத்து அடிக்கடி கண்ணில் படும். பெரும்பாலும் அது மிஸ்ட்ரால். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வந்து டிடிபி சென்டர்கள்வரை நுழைந்துவிட்ட எழுத்துரு. பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரியும்.

அதை வரைந்தவர் ரோஷே எக்ஸ்கோஃபோன் என்ற பிரெஞ்சுக்காரர். மார்சேய் நகரில் இருந்த ஃபோன்தரி ஒலிவ் என்ற எழுத்து வார்ப்பகத்துக்காகத் தன் சொந்தக் கையெழுத்தையே மாதிரியாக வைத்து 1953-ல் கொண்டுவந்தார். தெற்கு பிரான்சில் சீறி வீசும் குளிர்காற்றின் பெயரைச் சூட்டினார். பார்த்தால் ஒரு மாலைப்பொழுதில் எழுதித் தள்ளியதுபோல் இருக்கும். உண்மையில் அது கணக்கு வேலை.

அன்றைக்கு எழுத்து என்றால் ஈயக் கட்டை. ஒவ்வொன்றும் தனித்தனி. அவற்றை அடுக்கி, பேனாவை எடுக்காமல் எழுதிய வார்த்தைபோல் காட்ட வேண்டும். எந்த எழுத்துக்குப் பின்னால் எது வரும் என்று யார் சொல்வது? அதனால் எல்லா எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கைகோத்துக்கொள்ள வேண்டும். கைகோப்பது வெளியே தெரியவும் கூடாது. கோடு கட்டையின் விளிம்புவரை ஓட வேண்டும், மயிரிழை குறைந்தாலும் சொல் நடுவில் அறுந்துவிடும். எக்ஸ்கோஃபோன் இதோடு நிற்கவில்லை. எழுத்துகளை ஒரே கோட்டில் உட்கார வைக்காமல் ஒன்றைச் சற்று இறக்கி, இன்னொன்றைத் தூக்கி விட்டார். கண் அந்த ஆட்டத்தில் லயித்துவிடுவதால் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடுவதில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம் அங்கேதான் என்பது என் கட்சி. 2011-ல் வந்த ‘டிரைவ்’ என்ற ஹாலிவுட் படத்தின் பெயர்களை ரோஸ் நிறத்தில் இதே எழுத்தில்தான் போட்டார்கள். ஐம்பது சொச்சம் வருஷத்துப் பழசு என்று யாருக்கும் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் வந்தபின் ஈயத்தின் தொல்லை ஒழிந்தது. நெதர்லாந்தின் எரிக் வான் பிளாக்லண்டும் யுஸ்ட் வான் ரோசமும் 1991-ல் தங்கள் கையெழுத்துகளையே எழுத்துருக்களாக்கி வெளியிட்டார்கள். எரிக் வலக்கைக்காரர், யுஸ்ட் இடக்கைக்காரர். எழுத்துருக்களின் பெயர்களிலும் அந்தக் கைகள் உண்டு. 

இந்த வகை எழுத்து நான்கைந்து வார்த்தைக்குத்தான் தாங்கும். கடைப் பெயர், அட்டையில் ஒரு தலைப்பு, ‘அன்புடன்’ என்று முடிக்கும் இடம். எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியை ஒரு பக்கம் முழுக்க இதில் அடித்து லிஃப்டில் ஒட்டினார்கள். பாதிப் பேர் படிக்கவில்லை, அன்று காலை சோப்பு நுரையோடு குளியலறையில் நின்றார்கள். அதைவிடக் கொடுமை, எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பது. சின்ன எழுத்துகள் கைகோக்கப் பிறந்தவை. பெரிய எழுத்துகள் சொல்லின் முதலில் தனியாக நிற்பதற்காக வரையப்பட்டவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டுகிறவர்களும் உண்டு. எக்ஸ்கோஃபோன் கட்டிய பாலமெல்லாம் ஒரே சொடுக்கில் இடிந்துவிடும்.

தமிழுக்கு அந்தப் பாலம் தேவையில்லை. கை ஓடுகிற வேகத்தில் இரண்டொன்று ஒட்டிக்கொண்டாலும் நம் எழுத்துகள் தனித்து நிற்பவைதான். நமக்கு வேறு தலைவலி. ‘அப்பா’ என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். முதல் ‘ப’ மூலை மடங்கி ஒழுங்காக இருக்கும். இரண்டாவதற்குள் கை துணைக்காலை நோக்கி ஓடத் தொடங்கிவிடும், மூலை மழுங்கும், உயரமும் குறையும். புள்ளி எங்கோ தள்ளி விழும். எழுத்துருவிலோ இரண்டு ‘ப’வும் அச்சு அசல். அதே மூலை, அதே தடிமன், அதே சாய்வு. கையெழுத்து இல்லை என்று அந்த இடத்திலேயே குட்டு உடைந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் எழுத்து இரட்டிப்பது உண்டு, ஆனால் நம் வீட்டைப் பாருங்கள்: அப்பா, அம்மா, அக்கா, அத்தை, தாத்தா, பாட்டி. நெருங்கிய உறவுகள் பலவும் இரட்டிப்பவைதான்.

தீர்வு இல்லாமல் இல்லை. ஓப்பன்டைப் என்ற வகை எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து, பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்த்து மாறிக்கொள்ளச் செய்யலாம். ஆனால் கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு கேட்கிற மொழியில், அதையெல்லாம் மூன்று தடவை வரைய யாருக்குப் பொறுமை? இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ், தமிழும் ஆங்கிலமும் ஒரே சாய்வில் ஓடும் கையெழுத்து எழுத்துரு ஒன்றை வடிவமைத்திருக்கிறார். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்திரிகை அடிக்கிறவர்கள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கைவசம் உள்ள எழுத்துருவை வைத்தே சமாளிக்கவும் ஒரு வழி உண்டு. கோரல்டிரா மென்பொருளில் சொல்லை ‘கர்வ்ஸ்’ ஆக்கி, இரண்டாவது எழுத்தின் ஒரு முனையைச் சற்று இழுத்து, புள்ளியை லேசாகத் தள்ளி வைத்தால் போதும், உயிர் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பெண் வீட்டார் எதிரே உட்கார்ந்து, தாய்மாமன் பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும்போது, டிடிபி தம்பி எங்கே புள்ளியை நகர்த்துவது?