திறக்காத கடிதங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். கையிலே ஒரு அல்டிப் பை. மரக்கறி ஏதோ கொண்டு வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். குசினி மேசையில் பையைக் கவிழ்த்துக் கொட்டினான். அத்தனையும் கடிதங்கள். அரைவாசிக்கு மேல் உறை கூடப் பிரிக்கப்படவில்லை.

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. அவளுக்கும் தெரியாது."

அவள் என்றது அவனுடைய மனைவியை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுக்கிற மனுசிக்குத் தெரியாமல் ஒன்றரை வருடமாக அந்தப் பையை நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறான். தபால்காரர் வருகிற நேரம் பார்த்துக் கீழே இறங்கிப் போயிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏனென்றால் இருபத்து சொச்சம் வருடத்துக்கு முதல் அதே மாதிரி ஒரு பை என்னிடமும் இருந்தது. இதை இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

நான் 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக இந்த நாட்டுக்கு வந்தவன். ஏஜென்சிக்காரனுக்குக் கொடுக்க அம்மா காணியை ஈடு வைத்தா. ஆக, இந்த மண்ணில் கால் வைக்கும்போதே நான் கடன்காரன். ஹனோவரில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் கோப்பை கழுவிக் கழுவி அந்தக் கடனைக் கட்டி முடித்தேன். எங்களில் அனேகமான பேருக்கு இதுதான் கதை. கட்டி முடித்த பெருமை எங்களிடம் இருக்கிறது. அந்தப் பெருமைதான் பிறகு எங்களுக்கே எதிரியாகவும் வருகிறது.

1996இல் ஊர்க்காரன் ஒருவன் கடை போட பாங்கில் 30,000 மார்க் லோன் எடுத்தான். பிணைக்கு என்னைக் கேட்டான். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கையெழுத்துப் போட்டேன். பத்திரத்தில் என்ன இருந்தது என்று வாசிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது டொச் தெரியாது. 1999இல் கடை படுத்தது. அவன் குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டான். பாங்க் என்னைத் தேடி வந்தது.

அந்த நேரம் நான் செய்த முட்டாள்தனம் கையெழுத்துப் போட்டதை விடப் பெரியது. உதவி கேட்டு ஒரு டொச் அலுவலகத்துக்கும் போகவில்லை. எங்கள் ஆள் ஒருவரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குப் பத்தாயிரம் மார்க் வாங்கி பாங்கின் வாயை அடைத்தேன். மாதம் 200 மார்க் வட்டி. கேட்க சின்னத் தொகை. கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 24 வீதம். மூன்று வருடத்தில் 7,200 மார்க் கட்டியும் முதல் அப்படியே இருந்தது. பாங்க் கடனும் முடியவில்லை. கடிதங்கள் வரத் தொடங்கின. நான் திறப்பதை நிறுத்தினேன்.

2003இல் ஒருநாள் என் மகள் ஒரு மஞ்சள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் வருகிற டொச் கடிதங்களை வாசித்துச் சொல்வது அவள்தான்.

"அப்பா, ஸ்வாங்ஸ்ஃபோல்ஷ்ட்றெக்குங் எண்டால் என்ன?"

எனக்கும் தெரியாது. அகராதி எடுத்துப் பார்த்தாள். கட்டாய அமலாக்கம். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக் காசு கட்ட வேண்டிய கடிதத்தை எங்களிடம் காட்டாமல் கிழித்துப் போட்டிருக்கிறாள் என்று பிறகு அவளுடைய ஆசிரியை சொல்லித்தான் தெரியும். அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கிழமை இரண்டு பேரும் ஷுல்ட்னர்பெராட்டுங் என்கிற கடனாளிகளுக்கான ஆலோசனை நிலையத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த அம்மா என்னைத் திட்டவில்லை. எப்படி இவ்வளவு கடன் வந்தது என்றுகூட முதலில் கேட்கவில்லை. கடிதங்களை உறையிலிருந்து எடுத்துத் திகதிப்படி அடுக்கினா. என் சம்பளச் சீட்டைப் பார்த்தா. மனைவியும் பிள்ளைகளும் என் வருமானத்தில் இருப்பதால் அந்தச் சம்பளத்தில் சட்டப்படி ஒரு சதமும் பிடிக்க முடியாது என்றா. நான் வாயடைத்துப் போனேன். ஒரு நீதிமன்றமும் என்னிடம் பிடுங்க முடியாத காசைத்தான் மாதாமாதம் பிள்ளைகளின் வாயில் இருந்து எடுத்து வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று தெரியாதவற்றை இன்று அந்தத் தம்பிக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, மஞ்சள் உறை. அதில் தபால்காரர் கொடுத்த திகதியை எழுதியிருப்பார். நீதிமன்றத்தின் மான்பெஷைட் என்றால், காசு கேட்பவர் எங்கள் மாநிலத்தில் இருந்தால் அது ஊல்சன் நகர நீதிமன்றத்தில் இருந்து வரும். அந்தக் கடன் உண்மையா பொய்யா என்று நீதிமன்றம் விசாரித்து அனுப்புவதில்லை. பிழை என்றால் இரண்டு கிழமைக்குள் நீங்கள்தான் மறுப்பு எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகும். அதற்கும் இரண்டு கிழமைதான். அதையும் விட்டால் அந்தக் கடதாசி முப்பது வருடத்துக்குச் செல்லும். தம்பியின் பையில் இருந்த ஒரு உறைக்கு இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. அவன் வாங்காத சாமானுக்கு வந்த பில் அது!

இரண்டாவது, பயம். கடனுக்காக இந்த நாட்டில் சிறை இல்லை. ஆனால் அமலாக்க அதிகாரி கேட்கிற சொத்து விபரத்தைக் கொடுக்க மறுத்தால் பிடியாணை வரும். அதனால் அவருக்கு ஒளிக்காமல் கதவைத் திறவுங்கள். கடன் பட்டதற்காக ஒருவரையும் நாடு கடத்துவதும் இல்லை. 'விசாவில் கைவைப்பான்' என்கிற கதையைக் கேட்டு எத்தனை பேர் வட்டிக்காரரிடம் ஓடினார்கள்!

மூன்றாவது, பாங்க் கணக்கு. 2010 ஜூலையில் இருந்து பே-கொன்ரோ என்ற பாதுகாப்புக் கணக்கு இருக்கிறது. உங்கள் கணக்கை அப்படி மாற்றச் சொன்னால் பாங்க் மாற்றித்தான் ஆக வேண்டும். 2025 ஜூலை தொடக்கம் மாதம் 1,560 யூரோ வரை ஒருவரும் தொட முடியாது. ஒவ்வொரு ஜூலையிலும் தொகை மாறும். பிள்ளைகள் இருந்தால் அத்தாட்சி காட்டி இன்னும் கூட்டலாம். கணவன் மனைவி இருவர் பெயரில் உள்ள கணக்கை அப்படி மாற்ற முடியாது, முதலில் தனிக் கணக்காக்க வேண்டும்.

நான்காவது, எங்கே போவது. ஹனோவரில் காரித்தாஸ், டியாக்கோனி, ஆவோ போன்றவற்றில் கடன் ஆலோசனை இருக்கிறது. கத்தோலிக்கரா, சைவரா என்று அங்கே பார்ப்பதில்லை. கிடைக்கக் கிழமைகள், சில நேரம் மாதங்கள் ஆகும். கணக்கு முடக்கப்பட்டுவிட்டால் அதை ரெலிபோனிலேயே சொல்லுங்கள். வழக்கறிஞர்தான் வேண்டும் என்றால் நகர நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிப் பத்திரம் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அது கிடைத்தால் 15 யூரோவோடு வழக்கறிஞரின் ஆலோசனை கிடைக்கும். 'ஷூஃபா பார்க்காமல் கடன்', 'உங்கள் கடனை நாங்கள் தீர்க்கிறோம்' என்று விளம்பரம் போட்டு முன்கூட்டியே காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். மூழ்குகிறவனுக்குக் கல்லைக் கட்டிவிடுகிற வேலை அது.

ஐந்தாவது, இன்சோல்வென்ஸ். தனிமனிதர் கடனில் இருந்து விடுபடும் இந்தச் சட்டம் 1999இல் வந்தது. முதலில் கடன்காரரோடு வெளியே பேசிப் பார்க்க வேண்டும். அது சரிவரவில்லை என்று ஆலோசனை நிலையமோ வழக்கறிஞரோ அத்தாட்சி தர வேண்டும். என் காலத்தில் ஆறு வருடம் காத்திருந்தோம். 2020 ஒக்டோபர் தொடக்கம் விண்ணப்பித்தவர்களுக்கு மூன்று வருடம்தான். முடிந்த பிறகு ஷூஃபாவில் அந்தப் பதிவு மூன்று வருடம் கிடந்தது, 2023இல் அதை ஆறு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் நீதிமன்றம் போட்ட குற்றப்பணம், வேண்டுமென்று செய்த குற்றத்தால் வந்த கடன் போன்றவை அழியாது.

இனித்தான் சங்கடமான விசயம்.

விண்ணப்பத்தில் எல்லாக் கடன்காரரின் பெயரையும் எழுத வேண்டும். நான் பாங்கை எழுதினேன். வட்டிக்குத் தந்தவரை எழுதவில்லை. அந்த அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டா. வேண்டுமென்று ஒருவரை மறைத்தால் கடைசியில் விடுதலையே கிடைக்காமல் போகலாம் என்றா. எழுதினேன்.

நீதிமன்றக் கடிதம் அவர் வீட்டுக்குப் போனது. கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் என்னைக் கள்ளன் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. அவருடையதும் விடியப்புறம் பனிக்குள் பேப்பர் போட்டுச் சேர்த்த காசுதான். இரண்டு வருடம் திருவிழாவுக்கே போகாமல் இருந்தோம். 2009 இலையுதிர் காலத்தில் எனக்கு விடுதலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஐம்பதும் நூறுமாக அவருடைய முதலைக் கொடுத்து முடித்தேன். சட்டம் கேட்கவில்லை, எனக்கு மனம் கேட்கவில்லை. எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'இன்சோல்வென்ஸ் எண்டால் ஊரை ஏமாத்துறது' என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிமிர்ந்து நிற்க விட்டதால்தான் என்னால் அதைக் கொடுக்க முடிந்தது. அமுக்கியே வைத்திருந்தால் அவருக்கும் கிடைத்திராது.

அதே 2009 வசந்த காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்கள். லோன் எடுத்துத் தரச் சொல்லி வீட்டுக்கு வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான் இன்சோல்வென்ஸில நிக்கிறன், எனக்கு ஒரு பாங்கும் தராது" என்றேன். வெட்கத்தில் செத்தேன். அந்த வெட்கம்தான் என்னைக் காப்பாற்றியது என்று இன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சுவிசில் அது வழக்காகவே வந்தது. சாதாரண தமிழர்களின் பெயரில், கூட்டி எழுதிய சம்பளச் சான்றிதழ்களோடு சிறுகடன்கள் எடுக்கப்பட்டன. இயக்கத்துக்காகத் திரட்டிய தொகை 150 இலட்சம் பிராங்குக்கும் மேல் என்பது அரச வழக்குரைஞரின் கணக்கு. 2018 ஜூனில் பெலின்சோனா நீதிமன்றம் பதின்மூன்று பேரையும் குற்ற அமைப்புக்கு உதவினார்கள் என்ற குற்றச்சாட்டில் இருந்து விடுவித்தது. சிலருக்கு மோசடிக்காக ஒத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. அரசியலை விடுங்கள். நான் யோசிப்பது கையெழுத்துப் போட்ட அந்தச் சனத்தைப் பற்றித்தான். 2009க்குப் பிறகு கட்டுவதற்கு ஆள் இல்லை, கடன் அவர்களின் தலையில். போராட்டத்துக்குக் கொடுத்த கடன் என்பதால் வாய் திறந்து உதவி கேட்கவும் முடியாது. ஊருக்கு ஒரு வெட்கம், அரசுக்கு ஒரு பயம்.

கையெழுத்து என்றால் எங்களுக்கு அவ்வளவு லேசு. நட்புக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று, இனத்துக்கு ஒன்று. டொச்காரரும் இதற்கு விலக்கில்லை. தகப்பனின் ஒரு லட்சம் மார்க் கடனுக்கு இருபத்தொரு வயது மகள் பிணை நின்ற வழக்கு ஒன்று உயர் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அவள் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவள். இது சும்மா கோவைக்குத்தான் என்கிற மாதிரிச் சொல்லித்தான் பாங்க் ஊழியர் கையெழுத்து வாங்கியிருந்தார். 1993இல் அந்த நீதிமன்றம் அவளுக்குச் சாதகமாகச் சொன்னது. அதனால் குடும்பத்தவர் சக்திக்கு மீறி நிற்கிற பிணைக்கு இன்று ஓரளவு பாதுகாப்பு உண்டு. நண்பனுக்கு நின்ற எனக்கு அது உதவவில்லை.

கிரெடிட்றிஃபோர்ம் நிறுவனம் 2024இல் சொன்ன கணக்குப்படி ஜேர்மனியில் கட்ட முடியாத கடனில் இருப்பவர்கள் 55 இலட்சத்துக்கும் மேல். வேலை போவது, வருத்தம் வருவது, குடும்பம் பிரிவது, இவைதான் பெரும்பாலும் காரணம். இதில் மானக்கேடு எங்கே இருக்கிறது? வருத்தம் வந்தால் டொக்டரிடம் போகிறோம். கடனுக்கு மட்டும் ஏன் நிலவறைக்குப் போகிறோம்?

தம்பியும் நானும் அன்று இரவு பதினொரு மணி வரை இருந்து அத்தனை உறைகளையும் பிரித்தோம். கூட்டிப் பார்த்தால் அவன் பயந்திருந்த தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. போகும்போது ஒன்று மட்டும் சொன்னேன்.

"இண்டைக்கே அவளுக்குச் சொல்லு. நாளைக்கு எண்டு வைக்காதை."

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்தால் இன்றே பிரியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். உங்களிடம் ஒருவன் பையோடு வந்தால் அவனுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றில்லை, பிணை நிற்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு தேத்தண்ணி கொடுத்து, கூட இருந்து பிரியுங்கள். கோயில் வாசலில் கதைக்காமல் இருங்கள். அது போதும்.