பட்டறைப் பக்கம்: வளைந்த குழாயும் நிமிர்ந்த தலையும்

எருமப்பட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் இஞ்சினீயரிங் படிக்கும் இளைஞர். அவரும் மூன்று சிநேகிதர்களும் சேர்ந்து பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி, மேட்டுக்காட்டில் ஓட்டக்கூடிய ஒரு குட்டி வண்டியைத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற, குழாயை வளைத்து ஒரு கூண்டு செய்ய வேண்டும். மோட்டார்க்காரர்கள் இதை 'ரோல் கேஜ்' என்பார்கள்.

"பட்டறை மேஸ்திரி, 'இதுக்கு என்னங்க தம்பி யோசனை? மணலை அடைச்சு நெருப்புல காட்டுனா கொடியாட்டம் வளையும்' என்கிறார். அப்பாவோ, 'கெணத்து மேட்டுல பழைய தண்ணிக் குழாய் சும்மாதானே கெடக்குது, அதை எடுத்துக்கடா' என்கிறார். யார் சொல்வதைக் கேட்கலாம்?" என்பது கேள்வி.

இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம், தம்பி!

பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகச் சொல்வதாக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாமக்கல் வட்டாரத்துப் பட்டறைக்காரர்களுக்கு இரும்பைப் பற்றி நாம் பாடம் சொல்லவா? வெறும் சேஸிஸாக வரும் லாரி, அவர்கள் கைபட்டதும் முழு வண்டியாகப் புறப்பட்டுப் போகிறது. திருச்செங்கோட்டில் கட்டிய போர்வெல் வண்டிகள் எந்தெந்த ஊர்களிலோ பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் லாரிக்குக் கூடு கட்டுவது பெரும்பாலும் ஆங்கிளையும் சானலையும் அளந்து வெட்டி ஒட்டுகிற வேலை. குழாயை வளைப்பது வேறு வித்தை.

கூண்டின் வேலை என்ன?

கூண்டு விபத்தைத் தடுக்காது. வண்டி உருளும்போது, மனிதன் உட்கார்ந்திருக்கிற இடம் நசுங்காமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த 'அவ்வளவு' எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஸ்வீடன் தேசத்தைக் கேட்டால் தெரியும். டிராக்டர் கவிழ்ந்து விவசாயிகள் மாள்வதைக் கண்டு, 1959ஆம் ஆண்டு முதல் புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவரைக் காக்கும் சட்டம் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அங்கே விதித்தார்கள். டிராக்டர்கள் கவிழ்வது நின்றுவிடவில்லை. அடியில் சிக்கிச் சாகிறவர்கள் எண்ணிக்கைதான் வெகுவாகக் குறைந்தது.

ஆக, கூண்டு தாங்குமா, தாங்காதா என்பதுதான் கேள்வி. தாங்காத கூண்டு, கூண்டே இல்லாததைவிட மோசம். ஏனென்றால் அதை நம்பிக் கொஞ்சம் வேகமாக ஓட்டத் தோன்றும்!

வளைவில் என்ன நடக்கிறது?

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை எடுத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். முதலில் அழகாக வளைகிறது. இன்னும் கொஞ்சம் வளைத்தால் 'பொசுக்'கென்று மடிந்து தட்டையாகிறது. தண்ணீரும் நின்றுபோகிறது. இரும்புக் குழாயும் இதே குணமுள்ள ஆசாமிதான். வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டு மெலிகிறது. உட்பக்கம் நெருக்குண்டு தடிக்கிறது. நெருக்கம் அதிகமானால் சுருக்கம் விழுகிறது. வட்டமாக இருந்த குழாய் முட்டை வடிவம் எடுக்கிறது.

கணக்காகவே பார்ப்போமே. 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாயை, அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு ஆரத்தில் வளைத்தால், வெளிப்பக்கத் தகடு சுமார் 2.6 மில்லிமீட்டராக மெலியும். அதே குழாயை ஒரே மடங்கு ஆரத்தில் 'நறுக்'கென்று ஒடித்து வளைத்தால், 2 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது! தட்டையாகிப்போன வளைவு ஏற்கெனவே பாதி மடிந்த குழாய்க்குச் சமம். வண்டி உருளும்போது மீதிப் பாதியும் மடிவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

இதனால்தான் மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச சம்மேளனமான எஃப்.ஐ.ஏ., வளைவைப் பற்றிக் கண்டிப்பாகச் சில வார்த்தைகள் சொல்லியிருக்கிறது. குழாயைக் குளிர்ந்த நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் நடுக்கோட்டு ஆரம், குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. வளைத்த இடம் முட்டை வடிவமானால், சின்ன விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். மேற்பரப்பில் அலையும் கூடாது, வெடிப்பும் கூடாது.

இவற்றைச் சோதிக்க லேபரட்டரி வேண்டாம். ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். 45 மில்லிமீட்டர் குழாயை வளைத்த பிறகு ஒரு பக்கம் 47, மறு பக்கம் 43 காட்டினால் தப்பித்தது. 47க்கு 42 காட்டினால் பத்தில் ஒன்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தக் குழாய் கூண்டுக்கு உதவாது.

மணலும் நெருப்பும்

இப்போது மேஸ்திரியின் யோசனைக்கு வருவோம். மணல் அடைத்துச் சூடு காட்டி வளைப்பது பழைய, நல்ல கைவேலைதான். கேட்டுக்கும் கைப்பிடிக்கும் அது போதும். கூண்டுக்கு ஆகாது. சூடு பட்ட இடம் இளகி, மற்ற இடத்தைவிட அதிகம் இழுபடும். ஆறுகிற விதத்தைப் பொறுத்து பலமும் மாறிப்போகும். மாறிய பலம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கேட்டுக்காகவே செய்கிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. மணலில் துளி ஈரம் இருந்தாலும் அபாயம். இரு முனையையும் கட்டையால் இறுக அடைத்துச் சூடு காட்டும்போது, ஈரம் நீராவியாகி, கட்டை துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். எதிரே நிற்பவர் கதி என்ன?

தண்ணீர்க் குழாய் போதாதா?

அப்பாவின் சிக்கனம் பாராட்டத்தக்கது. ஆனால் தண்ணீர்க் குழாய், உள்ளே தண்ணீரைச் சுமக்கப் பிறந்தது. மேலே வண்டியைச் சுமக்க அல்ல. பழைய குழாய் உள்ளுக்குள் எவ்வளவு துரு தின்றிருக்கிறது என்று வெளியே தெரியாது. போதாக்குறைக்கு, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் ஜுரம் வரும்.

கடையில் 'ட்யூப்' என்று கேளுங்கள். எந்த ரகம் என்பதற்குச் சான்றும் கேளுங்கள். மோட்டார் வண்டிகளுக்கான குழாய்க்கென்றே ஐ.எஸ். 3074 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. இந்த விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கியதும் அல்ல. சைக்கிளுக்கு வேண்டிய குழாய் செய்வதற்காக ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் ஆலை 1955லேயே தோன்றிவிட்டது.

எந்த அளவு? எஃப்.ஐ.ஏ. விதிப்படி காரின் பிரதான வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 50க்கு 2. கல்லூரி மாணவர்கள் ஒற்றை இருக்கை வண்டி கட்டிப் போட்டியிடும் 'பாஹா' பந்தயத்தில் 25 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிப்பு, இரும்பில் குறைந்தது 0.18 சதவீதம் கார்பன். நம் கடிதக்காரருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. 'ஒன்றரை அங்குலம்' என்ற பெயரில் விற்கும் தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர். 'ஒன்றரை அங்குல' ட்யூபின் வெளிவிட்டம் 38. பேர் ஒன்று, ஆள் வேறு! தண்ணீர்க் குழாய்க்கென்று செய்த டையில் ட்யூபை வைத்தால், பள்ளத்தில் சரியாக உட்காராமல் நசுங்கிவிடும்.

வளைக்கும் முறை

நடுவில் முட்டுக் கொடுத்து ஜாக்கியால் தள்ளும் பெண்டிங் மிஷின் தடித்த தண்ணீர்க் குழாய்க்கு ஏற்றது. மெல்லிய ட்யூபின் வயிற்றை அது அமுக்கிவிடும். குழாயை டையோடு கவ்விப் பிடித்து, டை சுழலச் சுழல இழுத்து வளைக்கும் மிஷின்தான் கூண்டுக்கு வேண்டும். அதை விலைக்கு வாங்க வேண்டாம். சேலத்திலோ கோவையிலோ விசாரித்தால், கூலிக்கு வளைத்துத் தருகிற பட்டறை அகப்படும்.

போவதற்கு முன்னால் கம்பியை வளைத்து ஒரு மாதிரி செய்து, வண்டியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நீளத்தையும் கணக்கிடுங்கள். 45 மில்லிமீட்டர் குழாயை 135 ஆரத்தில் 90 டிகிரி வளைத்தால், வளைவு தின்னும் குழாய் 212 மில்லிமீட்டர். மூலை மட்டம்போல் அளந்தால் 270 வரும். இரண்டு மூலைகளுள்ள வளையத்தில் 116 மில்லிமீட்டர் வித்தியாசம்! ஒட்டுப் போட்ட ட்யூபானால், அந்த ஒட்டு வெளிப்பக்கமோ உட்பக்கமோ வராமல் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். பிடியை விட்டதும் குழாய் ஓரிரு டிகிரி திரும்பிப் போகும். ஒரு துண்டை வளைத்துப் பார்த்து, அந்த அளவுக்குச் சேர்த்து வளைக்க வேண்டும். அதிகமாக வளைந்துவிட்டால் நிமிர்த்தி மறுபடி வளைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

டைக்கும் குழாய்க்கும் நடுவே விரல் போகக் கூடாது. குழாயின் வால் வீசும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்கும் பொடியன்களைப் பட்டறைக்கு வெளியே அனுப்பிவிடுவது உத்தமம்.

முக்கியமான தாங்குகட்டைகள் நேராகவே இருக்கட்டும். நேர்க் குழாய்கள் முக்கோணமாகச் சேர்ந்தால் பலம். அழகுக்காக அவற்றை வளைத்தால் பலவீனம். வளைவு எத்தனை குறைவோ, கூண்டு அத்தனை நல்லது.

ஒட்டியதை உடை!

பாஹா போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று. கூண்டை வெல்டிங் செய்யப்போகிற மாணவன், அதே குழாயில் மாதிரித் துண்டுகளை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒன்றை வேண்டுமென்றே உடைக்க வேண்டும். உடையும்போது ஒட்டு பிரியக் கூடாது. பக்கத்துக் குழாய்தான் கிழிய வேண்டும். இன்னொன்றை நீளவாக்கில் அறுத்து, வெல்டிங் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைவிட நேர்மையான பரீட்சை வேறு இருக்க முடியுமா? எருமப்பட்டியிலும் செய்யலாம், ஒரு வைஸும், ஒரு சம்மட்டியும், ஒரு ஹாக்ஸா பிளேடும் போதும்.

கூண்டு தயாரானாலும் பெல்ட் இல்லாமல் உட்காரக் கூடாது. ஹெல்மெட் இல்லாமலும் கூடாது. கட்டுப் போடாத மனிதனுக்கு அந்தக் கூண்டே சம்மட்டி. ஹெல்மெட்டுக்கும் கூண்டுக்கும் குறைந்தது 152 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம், இடைவெளி வேண்டும் என்பது பாஹா கணக்கு. தலை படக்கூடிய குழாய்களுக்கு மெத்தை சுற்றுங்கள்.

பதிவில்லாத வண்டியைத் துறையூர் சாலையில் இறக்கவும் கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றிப் பார்க்கும் ஆசையும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பதிவான ஜீப்பில் கூண்டு பூட்ட நினைப்பவர்களுக்கு 52ஆம் பிரிவு இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. டிராக்டருக்கோ வீட்டில் கட்டவே வேண்டாம். கம்பெனி சோதித்துத் தரும் சட்டத்தையே பூட்டிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் கேட்டு இளைஞர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டியவர் எஸ். கரிவர்தன். 1995ல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. நம் ஊர்ப் பட்டறையில் முடியாதது ஒன்றும் இல்லை. கண்திட்டத்தில் செய்யாமல் அளந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் இரண்டொரு குழாய் வளைவில் கெட்டுத்தான் போகும். அதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுகிறவனே கூண்டு கட்டத் தகுந்தவன். பணம் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். பழைய இரும்புக் கடைக்காரர் அதையும் நிறுத்து ஏதோ ஒரு விலை கொடுப்பார். தலைக்கு அந்த வசதி கிடையாது.