ஏற்றிவிட்டால் ஆயிற்றா?

பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் டிரெய்லர் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், "இழுவை எப்படி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஏற்றத்தில் திணறாது என்று தெரிந்தால் வண்டி தேறிவிடும். இழுவையுள்ள வண்டியை மலையும் காற்றும் ஒன்றும் செய்யாது என்ற இந்த நம்பிக்கை தவறு. உயிரைக் குடிக்கும் தவறு.

ஏற்றத்தில் வண்டியின் பலவீனம் உடனே வெளிப்பட்டுவிடும். வேகம் குறையும், எஞ்சின் சூடேறும், ஓட்டுநர் சுதாரித்துக்கொள்ளலாம். இறக்கம் அப்படி எச்சரிக்காது. 10 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் கணிசமான பங்கை எஞ்சின் ஏற்கும். நியூட்ரலில் விட்டால் பிரேக் டிரம்தான் சுமக்க வேண்டும். டிரம் அளவுமீறிக் காய்ந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

"நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்" என்பார்கள். பிரேக் பிடித்தே இறங்கவேண்டிய சரிவில் அதுவும் பொய்க்கணக்கு. இன்றைய மின்னணு எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் போவது நின்றுவிடும்; சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில்தான் டீசல் எரிந்துகொண்டிருக்கும்.

காற்றின் கதை இன்னும் கடுமையானது. பாறசாலையிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி போகும் வண்டிகளின் பாதையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கிடையே நெருக்குண்டு வேகமெடுக்கும் இடம் அது. முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பது அதனால்தான். 40 அடி கண்டெய்னரின் ஒரு பக்கம் சுமார் 31 சதுர மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று அதை ஏறக்குறைய அரை டன் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளும். காற்றின் வேகம் இரு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் ஓட்டுநர், பாரம் இல்லையே என்று விரட்டுவது இந்த இடத்தில்தான் ஆபத்து. காற்று மோதும் பரப்பு அப்படியே இருக்கிறது. சக்கரங்களைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் எடைதான் போய்விட்டது. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் பக்கவாட்டுத் தள்ளலுக்கு அது மருந்தாகாது.

2021இல் கேரள அரசு 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்த பிறகு, வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் ஆசையும் பரவியிருக்கிறது. காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வகை வண்டியில், பாரம் அச்சுக்குப் பின்னே அதிகமானால் வண்டி வாலாட்டும். அப்போது "முறுக்கினால் நேராகிவிடும்" என்பதும் இழுவை நம்பிக்கையின் பிள்ளைதான். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் போட வேண்டும்.

ஆகவே வண்டி புறப்படுமுன் பிரேக்கையும், பாரம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஏறுவதற்குப் போட்ட கியரைவிட உயர்ந்த கியரில் இறங்காதீர்கள். ஜூன், ஜூலையில் கணவாயைத் தாண்டும் ஓட்டுநருக்கு முதலாளிகள் அரைமணி நேரம் கூடுதலாகக் கொடுக்கட்டும்.