மூட்டு நீரின் சாட்சி

'வாதம்' என்பது நம் நாட்டில் மிகத் தாராளமான சொல். கிழவருக்கு முழங்கால் தேய்ந்தாலும் வாதம். கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கினாலும் வாதம். முப்பத்தைந்து வயதுப் பெண்மணிக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தாலும் வாதமே. மூன்றும் வெவ்வேறு வியாதிகள். கடைசியில் சொன்ன முடக்குவாதத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகிறோம்.

நம் மம்சாபுரத்துக்கு ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். எந்த ஊருக்குப் பஸ் ஏறினாலும் ரத்தம் பரிசோதிக்க இடமுண்டு. ஆயினும், வயலிலும் அடுக்களையிலும் கை ஓயாத நம் பெண்மக்கள், தைலத்தையும் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் நம்பி வருஷக்கணக்கில் காலந் தள்ளுகிறார்கள். இந்த வியாதியோ ஆடவரைக் காட்டிலும் ஸ்திரீகளையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுவது. வலி அடங்கியிருக்கும்போதும் எலும்பு உள்ளே அரிபட்டுக் கொண்டிருக்கலாம் என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அரிப்பது எது? கிருமிகளை எதிர்ப்பதற்கென்று நம் தேகத்தில் ஒரு காவற்படை இருக்கிறது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் அப்படையைச் சேர்ந்தவை. முடக்குவாதத்தில் இந்தக் காவலர்கள் வீட்டுக்காரனையே திருடன் என்று எண்ணித் தாக்குகிறார்கள். மூட்டின் உட்சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் தின்கிறது.

1940ஆம் வருஷத்தில் நார்வே தேசத்து வாலர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். முயலின் எதிர்ப்பொருளைப் பூசிய செம்மறியாட்டு ரத்த அணுக்களுடன் நோயாளியின் ரத்தத் தெளிவைச் சேர்த்ததும் அணுக்கள் திரண்டு ஒட்டிக்கொண்டன. எதிர்ப்பொருளையே எதிர்க்கும் ஓர் எதிர்ப்பொருள் நோயாளியிடம் இருந்தது! இன்று பரிசோதனைச் சீட்டில் 'ஆர்.ஏ. ஃபாக்டர்' என்று வருவது இதுவே.

இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டார் படும் கலவரத்தை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வளவு கலவரம் வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது. முடக்குவாதக்காரர்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேரிடமே இது தென்படும். காசநோய், குஷ்டம் முதலியவற்றிலும், வயது முதிர்ந்த சில சுகதேகிகளிடமும்கூட இருக்கும். 1990-களின் இறுதியில் ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் வகுத்த 'ஆன்டி-சி.சி.பி.' பரிசோதனை இதைவிட நம்பத்தக்கது. அந்நாட்டில் முன்னர் ரத்த தானம் செய்து பின்னர் முடக்குவாதம் கண்டவர்களின் சேமித்த ரத்தத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் இவ்விரண்டில் ஒன்றேனும் வலி தோன்றுமுன்பே இருந்தது. சிலரிடம் பல வருஷங்களுக்கு முன்பே!

2006ஆம் வருஷத்துச் சிக்குன்குனியாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருஷம் இந்தியாவில் 13 லட்சத்துக்கு மேற்பட்டோரை அது பிடித்ததாகக் கணக்கிட்டார்கள். சுரம் நீங்கியும் மாதக்கணக்கில் மூட்டுவலி நின்ற பலருடைய கைகள் முடக்குவாதக் கைகள் போலவே இருந்தன. அத்தகையவர்களில் பெரும்பாலோரிடம் மேற்சொன்ன எதிர்ப்பொருள்கள் இரா. பிரித்தறிய ரத்தம் உதவுவது இப்படித்தான்.

ரத்தத்தைவிட நேரான சாட்சி மூட்டுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல முழங்காலில் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, முட்டை வெண்கரு போன்ற வழவழப்பான நீர் உண்டு. அதன் ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளை அணுக்கள் 200க்கு உட்பட்டே இருக்கும். முடக்குவாதத்தில் நீர் பெருகிக் கலங்கி, வழவழப்பு இழந்து, அணுக்கள் 2,000 முதல் 50,000 வரை ஏறிவிடும். அதற்கும் மேற்போனால் சீழ்க்கிருமி புகுந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போன்ற யூரிக் அமிலப் படிகங்கள் பூதக்கண்ணாடியில் தெரிந்தால், அதுதான் பெருவிரலை வீங்கச் செய்யும் வேறு வாதம்.

நோயுற்ற மூட்டில் டி.என்.எஃப். என்ற பொருள் மிகுந்திருப்பதையும், அதை அடக்கினால் மற்ற அழற்சிப் பொருள்களும் அடங்குவதையும் லண்டனில் ஃபெல்ட்மன், மைனி என்ற இருவர் நிறுவினார்கள். 1992இல் அதைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள், வீக்கம் தணிந்தது. மைனி, நம் பாஞ்சாலத்து லூதியானாவில் பிறந்தவர். 2003இல் இருவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

அம்மருந்து விலையுயர்ந்தது. பெரும்பாலோருக்கு முதலில் கொடுப்பது மலிவான மெத்தோட்ரெக்சேட். காலை விறைப்பு அரைமணி, ஒருமணி நேரம் நீடித்து, விரல் மூட்டுகள் வீங்கி ஆறு வாரமாகியும் வடியாவிட்டால் வைத்தியரிடம் போய்விட வேண்டும். முதல் சில மாதங்களில் தொடங்கிய சிகிச்சை மூட்டைக் காப்பதுபோல் பிற்பாடு தொடங்குவது காப்பதில்லை. கர்ப்பிணிகளும், கர்ப்பத்தை எதிர்பார்ப்பவர்களும் மெத்தோட்ரெக்சேட்டைத் தொடலாகாது. மற்றவர்களும் இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே உண்ண வேண்டும். முக்கியமாக, முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உண்பது. மற்ற மாத்திரைகளைப்போல் தினந்தோறும் விழுங்கினால் உயிருக்கே அபாயம். எந்தக் கிழமை என்பதை மாத்திரை டப்பாவின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.