கோப்பை கழுவுவது யார்?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எங்கள் வீட்டில் எல்லோரும் உணவருந்தி முடித்தோம். 11 வயது மகன் கை கழுவிக்கொண்டு போய்விட்டான். 13 வயது மகள் தன் கோப்பையோடு அவனுடையதையும் என்னுடையதையும் சேர்த்தெடுத்தாள். எடுத்தவள், "அப்பா, தம்பிக்குக் கை இல்லையோ?" என்று கேட்டாள். வகுப்பிலே கடமையைப் பற்றிப் போதிக்கின்ற எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை.

பிள்ளைகளை வேலை செய்ய விடாமைக்குப் பெற்றோர் இரண்டு காரணங்கள் கூறுவர். படிப்புக் கெடும் என்பது ஒன்று. பிள்ளை செய்தால் வேலை கெடும் என்பது மற்றொன்று. கோப்பை கழுவும் ஐந்து நிமிடத்தில் எந்தப் பரீட்சையும் தவறிவிடாது. வேலை முதலிற் கெடத்தான் செய்யும். கெடாமற் கற்றவர் எவருமிலர்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907 ஆம் ஆண்டு உரோம் நகரில் தொடங்கிய சிறுவர் இல்லத்திலே கூட்டுவதும் துடைப்பதும் மேசையில் உணவுப் பாத்திரம் வைப்பதும் கல்வியின் பகுதிகளாயிருந்தன. நம் பாலர் பாடசாலைகள் பலவற்றையும் அவர் பெயராலேயே அழைக்கின்றோம். ஆயினும், அங்கே பழகியதை வீட்டு வாசலில் மறக்கச் செய்துவிடுகின்றோம்.

எந்த வயதில் எதைக் கொடுக்கலாம்? மூன்று முதல் ஐந்து வயதுவரை விளையாட்டுப் பொருள்களை எடுத்துவைத்தல், செருப்புகளை அடுக்குதல், சுவாமிக்குப் பூப்பறித்தல் போதும். ஆறு முதல் எட்டு வயதினர் பூமரங்களுக்குத் தண்ணீர் விடலாம், உலர்ந்த உடுப்புகளை மடிக்கலாம், முற்றம் கூட்டலாம். ஒன்பது வயதிலிருந்து தன் கோப்பையைக் கழுவுதலும் பள்ளிச் சப்பாத்தைத் துப்புரவாக்குதலும் பிள்ளையின் பொறுப்பாகட்டும். பன்னிரண்டுக்கு மேல் சீருடை துவைத்தல், கடைக்குச் சென்று கணக்கோடு மீள்தல், பெரியவர் அருகிருக்கச் சோறு சமைத்தல் ஆகியன தகும். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் சிறுவரைத் தனியே அனுப்புதல் ஆகாது.

கொடுக்கும் வேலை வீட்டுக்கு உண்மையிலே வேண்டியதாயிருத்தல் வேண்டும். அதைத் தண்டனையாகக் கொடுத்தலும், காசு காட்டிச் செய்வித்தலும் தவறு. படிப்புக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரத்தை அது விழுங்கலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணுக்கு ஒரு நீதி, ஆணுக்கு ஒரு நீதி என்பது வேண்டாம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளும் மாணவிதானே! தமையனின் கோப்பை அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லை.

மறுநாள் மகனுக்கு நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. உண்டு முடித்ததும் என் கோப்பையை நானே கழுவி வைத்தேன். சற்று நேரம் பார்த்திருந்த அவனும் தன் கோப்பையை எடுத்து வந்தான். அவன் கழுவி வைத்ததிலே குழம்பின் எண்ணெய் அப்படியே ஒட்டியிருந்தது. மகள் அதைத் தான் கழுவக் கை நீட்டினாள்.

"விடு பிள்ளை, அது தம்பியின் வேலை," என்றேன்.

அவனை அழைத்து எண்ணெயைக் காட்டினேன். முகம் சுளித்தான், எனினும் மீண்டும் கழுவினான். மகள் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விளக்கடிக்குச் சென்றாள்.