மாற்றாந்தாய் மீது சுமத்தப்பட்ட பழி

சிறுவர் படநூல்களில் மீண்டும் மீண்டும் சொல்லப்படும் பழைய கதைகளுள் ஹன்சலும் கிரேத்தலும் ஒன்று. வறிய விறகுவெட்டியின் பிள்ளைகள் இருவர் காட்டில் கைவிடப்படுகிறார்கள்; பலகார வீட்டில் வாழும் சூனியக்காரியிடம் அகப்படுகிறார்கள்; தம் புத்தியாலேயே தப்பி வீடு திரும்புகிறார்கள். அவர்களைக் கைவிடும்படி தந்தையைத் தூண்டியவள் யார் என்று கேட்டால், மாற்றாந்தாய் என்று கதை கேட்ட எந்தப் பிள்ளையும் உடனே சொல்லும்.

ஆனால், ஜேர்மனியின் கிறிம் சகோதரர்கள் 1812 இல் இக்கதையைத் தம் தொகுப்பில் முதன்முதலாக அச்சேற்றியபோது அவள் பெற்ற தாயே. வீட்டில் உணவில்லை, நால்வரும் பட்டினியால் சாவதா, பிள்ளைகளைக் கைவிடுவதா என்பதே அங்கு எழுந்த வினா. 1840 இல் வந்த நான்காம் பதிப்பிலேயே அவள் மாற்றாந்தாய் ஆனாள். வெண்பனி இளவரசியின் கதையிலும், 1812 இல் மகளைக் கொல்லத் துணிந்தவள் பெற்ற தாய். 1819 இல் அவளும் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாய்மையின் புனிதத்தைக் காக்கவே இம்மாற்றம் என்பர் ஆய்வாளர் பலர்.

இதனால் நேர்ந்த தீங்கு இரண்டு. முதலாவது, உண்மையான குற்றவாளியாகிய பஞ்சம் பின்னே தள்ளப்பட்டு, ஒரு பெண்ணின் கெட்ட குணம் முன்னே நிறுத்தப்பட்டது. உடன்பட்ட தந்தையோ இறுதியில் நல்லவராகவே மீள்கிறார். இரண்டாவது, மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்னும் எண்ணம் எழுத்தறியா வயதிலேயே பதிந்துவிடுகிறது. படம் அதனை மேலும் ஆழப்படுத்துகிறது. ஆங்கில ஓவியர் அன்ரனி பிறவுண் 1981 இல் வெளியிட்ட படநூலில் மாற்றாந்தாயும் சூனியக்காரியும் ஒரே முகச்சாயலில் தீட்டப்பட்டுள்ளனர். கலையளவில் அது சிறந்த நூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், போரிலே தாயை இழந்து, சின்னம்மாவின் கையால் உண்டு வளர்ந்த பிள்ளைகள் எம்மிடையே உள்ளனர். அத்தகைய பிள்ளை அப்படத்தைப் பார்த்து என்ன நினைக்கும்?

கதையைத் தடைசெய்யவோ, அச்சத்தை அகற்றி மென்மையாக்கவோ நான் கேட்கவில்லை. அச்சமில்லாத கதையில் துணிவுக்கும் இடமில்லை. கிறிம் சகோதரர்களே 1857 வரை ஏழு பதிப்புகளில் தம் கதைகளைத் திருத்தியவர்கள். அவர்களுக்கு இருந்த உரிமை இன்று கதை சொல்வோருக்கும் உண்டு. தமிழில் இக்கதையைப் படநூலாக்குவோர் முதற்பக்கத்தில் வெறும் பானையை வரையட்டும். பசிதான் அவ்விருவரையும் காட்டுக்கு அனுப்பியது என்பதை எங்கள் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.